டிராகன் படகுப் போட்டி நடக்கும் வார இறுதியில் பினாங்கில் எப்படிப் போய்வருவது?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும். கிள்ளானில் இருக்கிறீர்கள். பல்கலைக்கழகக் குழுவில் துடுப்புப் போடும் உங்கள் மகள், டிசம்பரில் பினாங்கு அனைத்துலக டிராகன் படகுப் போட்டிக்காகத் தெலுக் பஹாங் அணைக்கட்டுக்கு வருகிறாள். கணவர், எழுபது வயதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள மாமியார், பத்து வயது மகன் ஆகியோருடன் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்ப எண்ணியிருக்கிறீர்கள். ஜார்ஜ் டவுன் லிட்டல் இந்தியா பக்கம் அறை பார்த்தாயிற்று. காரில் வருவதா, ரயிலில் வருவதா, அணைக்கு எப்படிப் போவது, இடையில் தண்ணீர்மலை முருகனையும் கொடிமலையையும் (பினாங்கு ஹில்) பார்த்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் தஞ்சோங் பூங்காவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். அணைக்குப் போகும் கடலோரச் சாலை என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. என் மகன் சில ஆண்டுகள் இந்தப் போட்டியில் துடுப்புப் போட்டவன் என்பதால், பெற்றோராகக் கரையில் நின்று பார்த்த அனுபவமும் எனக்கு உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், முதலில் நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: போட்டி நடப்பது ஜார்ஜ் டவுனில் இல்லை. முன்பு கெர்னி டிரைவ் கடலோரத்தில் நடந்த காலத்தில், நகரத்தில் தங்கியவர்கள் நடந்தே போய்ப் பார்த்தார்கள். அந்த நினைவில் ‘பினாங்குப் போட்டி’ என்றதும் நகர நடுவில் அறை எடுத்துவிட்டு, காலை எட்டு மணிக்கு மேல் சாவகாசமாகக் கிளம்பி, பிள்ளையின் பந்தயம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தீவின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். ஜார்ஜ் டவுன் தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. தெலுக் பஹாங் வடமேற்கு மூலையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கொடிமலைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்பதால், குறுக்கே போக வழி இல்லை. எனவே அணைக்கு வரும் சாலைகள் இரண்டே இரண்டு. ஒன்று, கெர்னி, தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாக வரும் வடக்குக் கடலோரச் சாலை. நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மற்றொன்று, தீவின் மேற்குப் புறத்தில் பாலிக் பூலாவிலிருந்து மலையேறி, தித்தி கெராவாங் அருவியைக் கடந்து, அணையின் பக்கமாக இறங்கும் மலைச்சாலை. இந்த இரண்டில் எதில், எந்த நேரத்தில் போவது என்பதை முடிவுசெய்வதே உங்கள் பயணத்தின் பாதி வேலை.

கடலோரச் சாலை தஞ்சோங் தோக்கோங் வரை அகலமாகவே இருக்கும். தஞ்சோங் பூங்காவைத் தாண்டியதும் பாறைகளையும் கடலையும் ஒட்டி வளைந்து வளைந்து போகும் குறுகிய சாலையாகிவிடுகிறது. அங்கே ஒரு சுற்றுலாப் பேருந்து விடுதி வாசலில் திரும்ப நின்றால், பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டியதுதான். போட்டிக்கு வருபவர்கள் மட்டும் அந்தச் சாலையில் போவதில்லை என்பதையும் கவனியுங்கள். பத்து பெரிங்கியின் கடற்கரை விடுதிகள், நறுமணப் பொருள் தோட்டம், தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்கா, அணைக்குப் போகும் அதே சாலையில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, அதன் அருகிலுள்ள எஸ்கேப் கேளிக்கைப் பூங்கா, இத்தனைக்கும் நகரத்திலிருந்து நேரே போகும் வழி அது ஒன்றுதான். ஆண்டிறுதி விடுமுறைக் காலத்து வார இறுதி என்றால், போட்டியே இல்லாவிட்டாலும் காலை ஒன்பதரைக்கு மேல் அந்தச் சாலை நிரம்பிவிடும். இதில் போட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, காரா ரயிலா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது ரயில். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து இ.டி.எஸ். விரைவு ரயில் ஏறினால் நான்கு மணி நேரம்போல் பட்டர்வொர்த் வந்துவிடலாம், கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் புறநகர் ரயில் நேராகவே இருக்கிறது. பட்டர்வொர்த் ரயில் நிலையமும் பினாங்கு சென்ட்ரல் பேருந்து முனையமும் பெர்ரித் துறையும் ஒன்றையொன்று ஒட்டி, நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. பெர்ரியில் கடந்து இறங்கும் இடமான வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து லிட்டல் இந்தியாவுக்குப் பத்து நிமிட நடை. பெட்டிகளும் மாமியாரும் இருப்பதால் அந்தச் சிறு தூரத்துக்குக் கைப்பேசிச் செயலியில் கிராப் வாடகை வண்டி ஒன்றை அழைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடுமுறைக் காலத்தில் ரயில் இருக்கைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். தேதி உறுதியான அன்றே போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.

பெர்ரி பற்றி ஒரு குறிப்பு. பழைய நாளில் காரோடு பெர்ரியில் ஏறிய நினைவில் இன்றும் சிலர் காரை ஓட்டிக்கொண்டு துறைக்கு வந்து ஏமாந்து திரும்புகிறார்கள். 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய நான்கு புதிய பெர்ரிகளில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம், கார் ஏறாது. அந்த நான்கில் ஒன்றின் பெயர் தெலுக் பஹாங். அதைப் பார்த்துவிட்டு, அது அணைப் பக்கம் போகும் படகு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எல்லாப் பெர்ரிகளும் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையில்தான் ஓடுகின்றன.

காரில்தான் வருவேன் என்று உங்கள் கணவர் உறுதியாக இருந்தால், அதுவும் முடியாத காரியமில்லை. அப்படியானால், பாலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 1985இல் திறந்த முதல் பாலம் பிறையிலிருந்து உங்களை ஜார்ஜ் டவுன் பக்கத்து நெரிசலுக்கு அருகில் கொண்டுவந்து விடும். வெள்ளிக்கிழமை அறைக்குப் போக அதுவே சரி. ஆனால் வேறு எவரேனும் சனிக்கிழமை காலையில் நேரே அணைக்கு வருவதாக இருந்தால், 2014 மார்ச்சில் திறந்த இரண்டாம் பாலத்தில் வந்து, பத்து மாவுங்கில் இறங்கி, தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், தித்தி கெராவாங் வழியாகப் போய்விடலாம். ஜார்ஜ் டவுனையும் பத்து பெரிங்கியையும் தொடவே வேண்டியதில்லை. இரண்டு பாலங்களிலும் டோல் தீவுக்கு வரும்போது மட்டுமே, திரும்பும்போது கிடையாது. டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில் கார் வைத்திருப்பது உதவியைவிடச் சுமையாகவே இருக்கும். தெருக்கள் குறுகியவை, பெரும்பாலும் ஒருவழிப்பாதைகள். சாலையோரத்தில் நிறுத்தினால் கட்டணத்தைக் கைப்பேசிச் செயலி வழியாகச் செலுத்த வேண்டும். வெளியூர்க்காரர்கள் பலர் இதை அறியாமல் அபராதச் சீட்டு வாங்குகிறார்கள். எனவே விடுதியில் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டு, இருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போவது நல்லது.

சனிக்கிழமை காலைக்கு வருவோம். வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து புறப்படும் 101ஆம் எண் ரேப்பிட் பினாங்குப் பேருந்து, நகர நடுவிலுள்ள கொம்தார் பேருந்து நிலையம், கெர்னி, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகிறது. லிட்டல் இந்தியாவில் தங்குபவர்களுக்கு அருகிலுள்ள நிறுத்தம் கொம்தார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேருந்து புறப்படும் படகுத்துறைக்கே நடந்துபோய் ஏறுங்கள். அங்கே வண்டி காலியாக இருக்கும்; கொம்தாரில் நிரம்பிவிடும்; கெர்னியைத் தாண்டினால் நிற்கவும் இடம் இருக்காது. முழங்கால் வலியுள்ள ஒருவர் அந்த வளைவுகளில் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது கூடாத காரியம். மாமியாரை வலப்பக்கச் சன்னலோரம் உட்கார வையுங்கள்; போகும்போது கடல் அந்தப் பக்கம்தான் வரும். சில்லறையும் டச் அண்ட் கோ அட்டையும் இரண்டுமே கையில் இருக்கட்டும்; ஒன்று எடுபடாவிட்டால் மற்றொன்று உதவும்.

இந்தப் பேருந்தை விடியற்காலையிலேயே பிடிக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஆறரைக்குள் ஏறிவிட்டால் ஒரு மணி நேரம்போல் ஆகும். எட்டரைக்கு ஏறினால் அதே தூரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று எவராலும் சொல்ல முடியாது. பசியாறுவதற்கு நேரம் போதாது என்பீர்கள். முந்தின இரவே லிட்டல் இந்தியாவில் ஏதாவது ஒரு கடையில் சொல்லிவைத்து, புளிச்சோறோ இட்லியோ கட்டிக்கொள்ளுங்கள். அணையில் ஒட்டுக்கடைகள் போடுவார்கள் என்றாலும், மாமியார் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே சைவ உணவை நம்பிப் போக வேண்டாம்.

தெலுக் பஹாங் சுற்றுவட்டத்தில் இறங்கிய பிறகு அணைக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். கடைசிப் பகுதி ஏற்றம். இளைஞர்கள் நடந்துவிடுவார்கள். ஏற்பாட்டாளர்கள் இலவசப் பேருந்து விட்டிருந்தால் அதில் போகலாம். அது எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்பதை மகளின் குழு மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஓடும் 501ஆம் எண் பேருந்தும் அணைச் சாலை வழியாகத்தான் போகிறது. ஆனால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைவெளி மிக அதிகம். வந்தால் ஏறிக்கொள்ளுங்கள், வருமென்று காத்திருக்க வேண்டாம். சுற்றுவட்டத்திலிருந்து கிராப் எடுப்பது மாமியாருக்கு ஏற்றது. அந்த நேரத்தில் வண்டி கிடைத்துவிடும்.

திரும்பும்போதுதான் கிராப் கிடைக்காது. வெளியூர்க்காரர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. காலையில் நகரத்திலிருந்து அணைக்கு வண்டி கிடைப்பது எளிது, ஏனென்றால் ஓட்டுநர்கள் எல்லாரும் நகரத்தில் இருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு அணையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கும்போது, நெரிசலுக்குள் வந்து மாட்டிக்கொள்ள எந்த ஓட்டுநருக்கும் மனம் வராது. ஒரு முறை நானே, இந்தச் சாலையை உள்ளங்கைபோல் அறிந்தவன் என்ற நம்பிக்கையில், பரிசளிப்பு முடியும் வரை இருந்துவிட்டுக் காரை எடுத்தேன். அணையிலிருந்து பத்து பெரிங்கி வருவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. என்னுடன் வந்திருந்த தங்கையின் குடும்பம் அன்று மாலை ரயிலைத் தவறவிட்டது. விடுமுறைக் காலத்தில் மறுநாளும் இருக்கை கிடைக்காமல், கடைசியில் பேருந்தில்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். போகும் வழியைப் போலவே வரும் வழியையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

சனிக்கிழமையில் நீங்கள் முழு நாளும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் போட்டியில் முதல் நாள் பெரும்பாலும் தகுதிச் சுற்றுகள். டிராகன் படகு ஒன்றில் துடுப்புப் போடுபவர்கள் இருபது பேர், முன்னால் முரசடிப்பவர் ஒருவர், பின்னால் சுக்கான் பிடிப்பவர் ஒருவர், ஆக இருபத்திரண்டு பேர். சிறு படகில் துடுப்புக்காரர்கள் பத்துப் பேர். ஐந்நூறு மீட்டர் பந்தயம் இரண்டு நிமிடத்தைச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். இருநூறு மீட்டர் ஒரு நிமிடம்கூட ஆகாது. மகளின் படகு அன்று இரண்டு மூன்று முறை நீரில் இறங்கினால், நீங்கள் அவளைப் பார்ப்பது மொத்தம் ஐந்தாறு நிமிடம். எனவே அவளது பந்தயங்களின் எண், நேரம், எத்தனையாவது தடம், சட்டையின் நிறம் என்ன என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூரத்தில் எல்லாப் படகும் ஒன்றுபோல்தான் தெரியும். தகுதிச் சுற்று நண்பகலுக்குள் முடிந்தால், முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள். நண்பகலில் நகரத்தை நோக்கிப் போகும் பக்கம் ஓரளவு காலியாகவே இருக்கும்.

நிற்பதற்கு முடிவுக் கோட்டின் அருகே இடம் பிடியுங்கள். படகுகள் புறப்படும் இடத்தில் ஒழுங்குபடுத்துவதிலேயே நேரம் போகும். பார்க்க ஒன்றும் இருக்காது. முடிவுக் கோட்டருகே வரும்போதுதான் முரசொலி நீரின் மேல் தவழ்ந்து வந்து நெஞ்சில் இடிக்கும். துடுப்புகள் இருபதும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுவதைப் பார்க்கையில், முன்னால் அமர்ந்து முரசடிப்பவருக்கு அங்கே என்ன வேலை என்பது உங்கள் மகனுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். வாய்ப்பிருந்தால் தொடக்கச் சடங்கையும் அவனுக்குக் காட்டுங்கள். படகின் முகப்பில் பொருத்திய டிராகன் தலைக்குக் கண்ணில் புள்ளியிட்டு உயிர்ப்பிப்பது சீனர் மரபு. நம் கோயில்களில் சிற்பி சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதன் பொருள் உடனே பிடிபடும். 1979இல் அனைத்துலகப் போட்டியாகத் தொடங்கியது இது. 2008இல் உலகக் கிளப் குழுக்களுக்கான வாகையர் போட்டியையும் பினாங்கு நடத்தியிருக்கிறது. இவ்வளவு பழைய அரங்கில் உங்கள் மகள் துடுப்புப் போடுகிறாள் என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

அணையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அது தீவிலேயே பெரிய குடிநீர் அணை. எங்கள் வீட்டுக் குழாய்களுக்கு வரும் தண்ணீர். அலையும் ஏற்ற இறக்கமும் இல்லாத அந்த அமைதியான நீர்தான் பந்தயத்துக்கு ஏற்றதாக இருக்கிறது. குடிநீர் என்பதால், கரையில் இறங்கிக் கால் நனைப்பதும் உணவுப் பொட்டலத்தை விட்டுவிட்டு வருவதும் கூடவே கூடாது. கரையில் நிழல் மிகக் குறைவு. தொப்பி, தண்ணீர், மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்று, இவை அவசியம். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால், வெயிலுக்குத் தொப்பியே மேல். பிற்பகலில் இடி இடித்தால் பந்தயத்தை நிறுத்திவைப்பார்கள். அப்போது நிரலில் உள்ள நேரங்கள் எல்லாம் தள்ளிப்போகும். கூட்டத்தில் கைப்பேசிச் சமிக்ஞை மந்தமாகிவிடும். ஆகவே, பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதைப் போன உடனே ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி மகனுக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி அவன் சட்டைப்பையில் வையுங்கள். தைப்பூசத்தில் நம்மில் எத்தனையோ பேர் செய்வதுதான் இது. அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

மகளை நீங்கள் போட்டிக்கு முன்னர் பார்க்க முடியும் என்று எண்ண வேண்டாம். குழுக்கள் பந்தயத்துக்கு வெகு முன்னதாகவே அணிவகுப்புப் பகுதிக்குள் போய்விடும். அங்கே குடும்பத்தாருக்கு இடமில்லை. அவள் தன் குழுவோடு வந்து குழுவோடுதான் திரும்புவாள். அவளைத் தேடி அலைந்து நேரத்தை இழக்காமல், முந்தின நாள் இரவே தொலைபேசியில் வாழ்த்திவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் யோசனை வேறு. அன்று இறுதிச் சுற்றுகள். பிற்பகல் வரை இருக்க வேண்டியிருக்கும். திரும்பும் கூட்டமும் அதிகம். அன்று மட்டும் ஓட்டுநரோடு கூடிய வேன் ஒன்றை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து கிழக்குக் கரை விரைவுச்சாலையில் தெற்கே இறங்கி, பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார், பாலிக் பூலாவ் வழியாக அணைக்குப் போகச் சொல்லுங்கள். வரைபடத்தில் பார்த்தால் தீவைச் சுற்றிவருவதுபோல் இருக்கும்; கைப்பேசி வழிகாட்டியும் காலையில் கடலோரச் சாலையைத்தான் காட்டும். ஆனால் உங்களுக்கு அந்த வண்டி தேவைப்படுவது மாலையில். மாலையில் அணையிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பெரும்பகுதி வடக்கே பத்து பெரிங்கி நோக்கித் திரும்பும். நீங்கள் தெற்கே திரும்பி மலையேறினால் சாலை உங்கள் கையில். ஓட்டுநர் ‘பெரிங்கி வழியே குறுக்கு’ என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மலைச்சாலையிலும் இடர் உண்டு. வளைவுகள் நெருக்கமானவை, மாமியாருக்கோ மகனுக்கோ தலைசுற்றல் வரலாம், இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக் காலைகளில் சைக்கிளோட்டிகளும் மோட்டார் சைக்கிள் கூட்டங்களும் அந்தச் சாலையில் ஏறுவார்கள். வளைவுகளில் அவர்களை முந்த வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பெருமழை பெய்தால் இரண்டு சாலைகளிலும் மரம் விழுவதும் மண் சரிவதும் நடந்திருக்கின்றன. அப்படியொரு மழை பெய்து ஓய்ந்தால், உடனே கிளம்பாமல் வழியின் நிலையைக் கேட்டறிந்துவிட்டுப் புறப்படுங்கள். திரும்பும் வழியில் பாலிக் பூலாவ் சந்தைப் பக்கம் சற்று நேரம் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளலாம். ஜாதிக்காய்ச் சாறு அங்கே நன்றாக இருக்கும்.

தண்ணீர்மலை முருகனை வெள்ளிக்கிழமை மாலையிலேயே தரிசித்துவிடுங்கள். மதியத்துக்குள் தீவில் இறங்கிவிட்டால் அதற்கு நேரம் தாராளமாக இருக்கும். மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுப் பதின்மூன்று படிகள். மாமியாரை ஏற்ற வேண்டாம். அடிவாரத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் அவர் அமர்ந்து வழிபடட்டும், நீங்கள் மகனோடு ஏறி இறங்கி வாருங்கள். அவருக்கு மேலும் ஒரு கோயில் பார்க்க ஆசையிருந்தால், லெபோ குயினில் இருக்கும் 1833ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோயில் உங்கள் விடுதியிலிருந்து நாலடியில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகலில் ஓய்வெடுத்த பிறகு மாலையில் நடந்தே போய்வரலாம்.

கொடிமலையைப் போட்டி நடக்கும் சனி, ஞாயிறுகளில் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். அடிவாரத்தில் மலைரயிலுக்குக் காத்திருக்கும் வரிசை வார இறுதியில் மணிக்கணக்கில் நீளும். அணையில் வெயிலில் நின்று வந்த மூதாட்டியை மீண்டும் ஒரு வரிசையில் நிறுத்துவது முறையாகாது.

அதனால்தான், ஞாயிறு மாலையே ஊர் திரும்பும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மழையால் பந்தயங்கள் தள்ளிப்போகலாம். மகளின் குழு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகலாம். பரிசளிப்புக்கு நிற்க வேண்டியிருக்கலாம். இவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை. மாலை ஆறு மணி ரயிலுக்குச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மகள் இறுதிச் சுற்றில் துடுப்புப் போடும் நேரத்தில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது. ஞாயிறு இரவும் தங்கிவிட்டுத் திங்கட்கிழமை பிற்பகல் ரயிலுக்குச் சீட்டு எடுங்கள். அப்படிச் செய்தால் திங்கள் காலையில் முதல் மலைரயில்களில் ஒன்றில் கொடிமலைக்கும் போய்வந்துவிடலாம். கொம்தார் வழியாகப் போகும் 204ஆம் எண் பேருந்து அடிவாரத்தில் இறக்கிவிடும். மூன்றாம் இரவுக்கான செலவு தாங்காது என்றால், ஞாயிறு இரவு மட்டும் பட்டர்வொர்த்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, வேனை நேரே பாலம் வழியாக அங்கேயே விடச் சொல்லலாம். அப்போது பெட்டிகளைக் காலையிலேயே வேனில் ஏற்றிவிட வேண்டும். கொடிமலையை இம்முறை விட்டுவிட வேண்டியதுதான்.

தேதியும் நிரலும் அணைச் சாலையின் போக்குவரத்து மாற்றங்களும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னர் ஏற்பாட்டாளர்களின் அறிவிப்பைப் பாருங்கள். தனியார் கார்களை அணை வரை விடுவார்களா, அல்லது கீழேயே நிறுத்தச் சொல்வார்களா என்பது அதில் தெரிந்துவிடும். கீழேயே நிறுத்தச் சொன்னால், வேன் ஓட்டுநரிடம் அதை முன்கூட்டியே தெரிவித்து, மாமியாரை மட்டும் மேலே இறக்கிவிட அனுமதி உண்டா என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள். அந்த வாரம் எங்கள் வாசல் சாலை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.